பேஷன்ஸ் வெல்லரின் நாலு மாதம்

முதல் குடியேறிகள் சங்கம் ஹொரஸ் வெல்லரின் விண்ணப்பத்தை இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பியபோது அவர் கோட்டுகூடத் தைத்து வாங்கியிருந்தார். கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். சங்கத்தின் சின்னத்தைக் குத்திக்கொள்ள இடப்பக்கம் ஒரு சின்னத் துளைகூட வைக்கச் சொல்லியிருந்தார்.

கப்பலில் வந்து ஊரை உண்டாக்கிய முதல் குடியேறிகளின் வம்சத்தாருக்குத்தான் அந்தச் சங்கத்தில் இடம். விண்ணப்பத்தில் பத்துத் தலைமுறைப் பெயர்களும் வரிசையாக இருந்தன. ஓட்டை ஒரே இடத்தில்தான். வெக்ஸ்பரி ஊரை உண்டாக்கியவர்களில் தாமஸ் வெல்லர் ஒருவர் என்பதற்கு நிலப் பத்திரம் இருக்கிறது. 1718இல் இறந்துபோன ஜொசையா வெல்லரிலிருந்து ஹொரஸ் வரைக்கும் சங்கிலி அறுபடாமல் வருகிறது. ஆனால் அந்த ஜொசையா இந்தத் தாமஸின் மகன்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஊரின் முதல் பிறப்புப் பதிவேட்டில் எட்டுத் தாள்களை எலி தின்றுவிட்டது.

"எலி தின்னதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று தங்கையிடம் புலம்பினார் ஹொரஸ். "சங்கத்துல அந்த எல்பர்ட் கோல்ட்டன் என்ன சொன்னான் தெரியுமா? ஜொசையா பின்னாடி வந்த கப்பல்ல வேற எங்கேருந்தோ வந்தவனா இருக்கலாமாம். பின்னாடி வந்த கப்பல்."

"அதுவும் கப்பல்தானே ஹொரஸ்" என்றாள் ஆர்டித்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு. பள்ளிக்கூட லீவுதானே, பஸ்ஸும் ஓட்டலை. நீ போய்த் தேடிப் பாரேன்."

ஆர்டித்துக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி ஊர் கவலைப்பட்ட அளவுக்கு அவள் கவலைப்பட்டதில்லை. அவளைப் பற்றி வெக்ஸ்பரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அவளுடைய சிரிப்பு. அது வந்தால் நிற்காது. தேவாலயத்தில் அவளாகவே கதவோரம் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள், அவசரத்துக்கு வெளியே ஓட வசதியாக.

ஜூலை முதல் வாரம் ஊராட்சி அலுவலகத்தின் நிலவறைக்கு இறங்கினாள். அங்கே இரும்புக் கதவு போட்ட ஆவண அறை. அதைக் காப்பவர் ஊர்ப் பதிவாளர் லைமன் ஹப்பல். மனைவியை இழந்து ஒன்பது வருடமானவர். எந்த வெயிலிலும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட வில் டை.

"பேனா கூடாது மிஸ் வெல்லர், பென்சில் மட்டும். கையைக் கழுவிட்டு வாங்க. சூயிங் கம் இருந்தா துப்பிடுங்க."

"முழுங்கிட்டேன்" என்றாள் ஆர்டித்.

அவர் சிரிக்கவில்லை. கன்றுத்தோல் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைப் பஞ்சணை மேல் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் ஆர்டித்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எஸ் எழுத்தெல்லாம் எஃப் மாதிரி நின்றது. எழுதியவன் பன்றி என்ற சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தான். இரண்டாம் வாரம் கண் பழகிவிட்டது. பழகியதும் அவளால் அங்கிருந்து எழுந்து வர முடியவில்லை. யாரோ ஒருவனுடைய பன்றி யாரோ ஒருத்தியின் பட்டாணியைத் தின்றிருந்தது. ஒருவன் ஊர்க்காவலரைப் பார்த்து அழுகின பூசணி என்று சொல்லி, விசாரணையில் பூசணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றிருந்தான். இன்னொருவன் பிரசங்கத்தின்போது தூங்கி, எழுப்பியவனைக் கடித்திருந்தான். ஆர்டித் வாயைக் கையால் பொத்திக்கொண்டு படியேறி ஓடி, வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று சிரித்துவிட்டுத் திரும்பினாள்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் லைமன்.

"கடிச்சுட்டான்" என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவரும் ஏதோ ஒரு சாக்கில் எதிர் நாற்காலியில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

பிறப்புப் பதிவேட்டில் எலி வைத்த மிச்சத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கல்யாணப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது: தாமஸ் வெல்லரும் பேஷன்ஸ் கில்லட்டும், 1651, பத்தாம் மாதம் ஒன்பதாம் நாள். குழந்தையைப் பற்றி எதுவுமில்லை. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை லைமன் தானாகவே வழக்கு விசாரணைப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"யோக்கியமானவங்களுக்கு ஒரு வரி, மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு பக்கம். அந்தக் காலத்து எழுத்தர் வழக்கம் அது. எதுக்கும் பார்த்துடுவோம்."

நாற்பத்தேழாம் தாளில் வெல்லர் என்ற பெயர் இருந்தது. இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்கள்.

1652 ஜூன் மாதம் தாமஸ் வெல்லரையும் அவன் மனைவி பேஷன்ஸையும் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். குற்றம்: அவர்களுடைய மகன் ஜொசையா இரண்டாம் மாதம் ஆறாம் நாள் பிறந்துவிட்டான்.

"ஜொசையா" என்றாள் ஆர்டித்.

"ஜொசையா" என்றார் லைமன். "தாமஸோட பையன். கறுப்பு மையில இருக்கு. எலியும் தொடலை."

"அது சரி. பொறந்தது எப்படிக் குத்தமாச்சு?" என்று கேட்டவள் விரல் விட்டு எண்ணினாள். நாலாவது விரலில் நின்றுவிட்டது. கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் நடுவே நாலு மாதம்கூட முழுதாக இல்லை. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு நல்ல குணங்களையே பெயராக வைப்பார்கள். பேஷன்ஸ் என்றால் பொறுமை. இது நினைவுக்கு வந்ததும் ஆர்டித்தின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"பொறுங்க, பொறுங்க, இன்னும் இருக்கு" என்றார் லைமன். அவர் சொன்ன சொல்லே அவர் காலை வாரியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே படித்தார். பிழை முழுவதும் என்னுடையது, அவள் அறியாப் பெண் என்று தாமஸ் சொல்லியிருக்கிறான். அதற்குப் பேஷன்ஸ், கைக்குழந்தையோடு எழுந்து நின்று, அவன் சொல்வது பொய், அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், உள்ளே வா என்று கூப்பிட்டது நான்தான் என்றிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் தெரியவில்லை என்று எழுத்தர் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தான்.

ஆர்டித்துக்கு இந்த முறை படியேற நேரமில்லை. மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே லைமன் ஹப்பல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவிழ்த்த வில் டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்து கீழே ஏதாவது குழாய் வெடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஹொரஸ் சமையலறையில் அவித்த சோளக் கதிர் தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதிரைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இரு. அந்தக் காலத்துல வருஷம் மார்ச்லதான் ஆரம்பிக்கும். பத்தாம் மாசம்னா அக்டோபர் இல்ல. டிசம்பர்."

"சரி, அப்ப ரெண்டாம் மாசம் ஏப்ரல். எண்ணு."

அவர் சோள மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். "நாலு."

"இந்தக் காலத்துக் கணக்குல எண்ணு. அக்டோபர்லேருந்து பிப்ரவரி."

மறுபடியும் மணிகளை நகர்த்தினார். "இதுவும் நாலு" என்றார், நம்பிக்கையை விடாமல் ஒரு மணியைத் திரும்பப் பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டு. "குறைப்பிரசவமா இருக்கலாம்ல?"

"அஞ்சு மாசம் முன்னாடியா? அறுபத்தாறு வயசு வரைக்கும் நல்லா இருந்தவன் ஹொரஸ் அவன்."

இந்தத் தாளைக் கொடுத்தால் மானம் போகும், கொடுக்காவிட்டால் சங்கத்தில் இடம் போகும். கடைசியில் ஹொரஸ் விண்ணப்பத்தில் 'வழக்குப் புத்தகம், தாள் 47' என்று மட்டும் பொடி எழுத்தில் எழுதி அனுப்பினார். யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு.

சங்கத்தின் செயலாளர் மிசஸ் வினிஃப்ரெட் த்ராலுக்கு எண்பத்தெட்டு வயது. எடுத்துப் பார்க்காமல் அவர் எதையும் விட்டதில்லை. ஆகஸ்ட் கூட்டம் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் நடந்தது. இருபது பேர், காபி, புளூபெர்ரி கேக். ஹொரஸ் கோட்டோடு வந்து முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"புதுச் சான்றை உரக்கப் படிக்கணும்கிறது விதி" என்றார் மிசஸ் த்ரால். "லைமன், நகல் கொண்டுவந்திருக்கீங்கல்ல? படிங்க."

லைமன் எழுந்து, பத்திரம் பதிவு செய்கிற குரலில் தொடங்கினார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான் என்ற இடம் வரை வந்தார். அங்கே அவர் கண் தவறிப்போய் ஆர்டித்தின் பக்கம் திரும்பிவிட்டது. குரல் உடைந்தது. மறுபடி முயன்றார். முடியவில்லை. தாளை அவளிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆர்டித் கன்னத்தை உள்ளே கடித்தபடி எழுந்து, ஒரு சொல் விடாமல் கடைசி வரி வரை படித்தாள்.

எல்பர்ட் கோல்ட்டன் எழுந்தார்.

"நம்ம சங்கத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. ஸ்தாபகர் தினத்துல குழந்தைங்கல்லாம் வர்ற இடத்துல, இந்த மாதிரி ஒரு பொம்பளையோட பேரையா நாம..."

"மிஸ்டர் கோல்ட்டன்."

குரல் ஹொரஸுடையது. எழுந்து நின்றிருந்தார். ஆர்டித் அண்ணனின் கழுத்து இவ்வளவு சிவந்து பார்த்ததில்லை.

"அவங்களுக்கு வயசு அப்ப இருபதுகூட இருந்திருக்காது. ஊரே உக்காந்திருக்கு. புருஷன் பழியைத் தானே ஏத்துக்கிட்டான். சும்மா தலையைக் குனிஞ்சிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகலை. எழுந்து உண்மையைச் சொன்னாங்க. நான் முப்பத்தஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் வித்தவன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னவங்களைக் கைவிரல்ல எண்ணிடுவேன். அந்தப் பொம்பளை எங்க குடும்பம். இந்தப் பேரை எழுதக் கூடாதுன்னா என் பேரும் வேண்டாம். பொடி எழுத்துல எழுதினேன் பாருங்க, அதுக்குத்தான் இப்ப வெக்கமா இருக்கு."

அவர் உட்கார மறந்துபோய் நின்றார். மிசஸ் த்ரால் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினார்.

"லைமன், அந்தத் தாளோட பின்பக்கம் யாருன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் லைமன் சுவரைப் பார்த்தபடியே. "சொல்லலாமான்னு தெரியலை."

"நானே சொல்றேன். எங்க ஆளுங்க. அதே நாள் விசாரணை. உங்களுக்கு நாலு மாசம், மிஸ்டர் வெல்லர். எங்களுக்கு மூணு." அவர் கேக்கை ஒரு கடி கடித்தார். "அறுபது வருஷமா எனக்குத் தெரியும். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

முதலில் யார் சிரித்தது என்பதில் பிறகு ஊரில் இரண்டு கட்சி உண்டானது. ஆர்டித்தின் சிரிப்பு கிளம்பியபின் மற்றதெல்லாம் அதில் கரைந்துவிட்டதால் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, எங்க வீட்டில் ரெண்டரை மாதம் என்று கேள்வி என்றார். அதற்கு அத்தாட்சி உண்டா என்று இன்னொருவர் கேட்டார். என் மூதாதை மதகுருவின் வாத்தைத் திருடினவன், அதையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று ஒருவர் தகுதி விசாரித்தார். சின்னத்தைக் குத்த மிசஸ் த்ரால் பக்கத்தில் வந்தபோது ஹொரஸ் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். ஊசி முதலில் சட்டையில் குத்தி, பிறகு அவரைக் குத்தி, மூன்றாவதாகத்தான் கோட்டில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை ஊராட்சி அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் பென்சில். லைமன் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, இரண்டு இரண்டு பேராகத்தான் உள்ளே விடுவேன் என்றார். ஆர்டித்தைக் கூடவே வைத்துக்கொண்டார், எழுத்துக் கூட்டிப் படிக்க ஆள் வேண்டுமே என்று. மதியத்துக்குள் உள்ளிருந்து ஒரு வாத்தும், இரண்டு கைகலப்பும், ஓய்வுநாளில் மீன் பிடித்த ஒருவனும் வெளியே வந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் படியேறி வந்து வரிசையில் நிற்பவர்களிடம் சொல்ல, வரிசை கை தட்டியது.

"லைமன், வேலை முடிஞ்சதும் ஆத்தங்கரைக் கடையில ஐஸ்கிரீம் சாப்பிடப் போறேன். வர்றீங்களா?" என்றாள் ஆர்டித், கண்ணைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல்.

"கடை எத்தனை மணி வரைக்கும்?"

"ஒம்பது."

"அப்ப அஞ்சு மணிக்கே மூடிடுறேன்" என்றார் அவர். அலுவலகம் தினமும் ஐந்து மணிக்குத்தான் மூடும்.

நாலரை மணிக்கு ஒருவர்தான் மிச்சம். எல்பர்ட் கோல்ட்டன் மேஜையில் குனிந்து ஐந்தாவது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோல்ட்டன்கள் வேலி ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். பன்றிகளை அடைத்து வைத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு மாதம், பதினாலு மாதம் கழித்துத்தான் குழந்தை பெற்றிருந்தார்கள். அறுபது வருடத்தில் ஒருவன்கூடப் பிரசங்கத்தில் தூங்கியிருக்கவில்லை.

"ஒண்ணுமே இல்ல" என்றார் அவர். அவர் முகம் வாடிப்போயிருந்தது. "ஒரு சண்டைகூடவா போடலை இவங்க?"

பித்தளைப் பொத்தான் கோட்டோடு வந்து நின்ற ஹொரஸ் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முதுகில் கை வைத்தார்.

"மனசைத் தளர விடாதீங்க எல்பர்ட். இன்னும் மூணு புஸ்தகம் இருக்கு. எவனாவது ஒருத்தன் அகப்படாமலா போவான்? நான் இடப்பக்கம் பார்க்கிறேன், நீங்க வலப்பக்கம் பாருங்க."