போர்த்திய தொட்டி

ஸ்ரீமதி மறுபடியும் அந்தக் கறுப்புப் போர்வையைக் கண்ணாடித் தொட்டியின் மேல் இழுத்துப் போட்டாள். சபாபதி மாமா மறுபடியும் அதன் முனையைப் பிடித்தார்.

"விடு மதி. சாவு வூட்டுல இருட்டு கூடாது."

"ஹாலு பூரா லைட்டு எரியுது மாமா. இது ஒண்ணு மூடியிருக்கட்டும். அப்பா மூடுனது."

அப்பா கலியமூர்த்தி கைக்கெட்டும் தூரத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். கப்பல் வேலையை விட்டுவந்து கடலூர் முதுநகரில் வீடு கட்டி, ஹாலிலேயே கண்ணாடித் தொட்டிக்குள் கடலில் ஒரு துண்டை வைத்துக்கொண்டவர். மீன்களைவிட அவருக்கு அதில் உயிரோடு வளர்ந்த பவளங்கள்தான் முக்கியம்.

நெஞ்சுவலியோடு அவர் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மாவும் ஸ்ரீமதியும் அங்கேயே கிடந்தார்கள். வீட்டுச் சாவி மாமாவிடம் இருந்தது. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போதும் என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமா கை நிறைய அள்ளிப் போட்டார். தின்னாத தீனி அழுகியது. அந்த அழுகலில் பாசி முடிமுடியாக வளர்ந்து பவளங்களை மூடியது. திரும்பி வந்த அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். மிச்சப் பாசி வெளிச்சமில்லாமல் சாகட்டும் என்று நேற்று தொட்டியின் விளக்கை அணைத்துப் போர்த்திவிட்டு, அழுக்குத் தண்ணீரைக் கொல்லைக்குத் தூக்கிப் போனவர் அங்கேயே விழுந்தார்.

மாமா போர்வையை உருவி விளக்கைப் போட்டார்.

"சுனாமி வந்த ஊருல வூட்டுக்குள்ள எவனாவது கடல வெப்பானா?" என்றாள் பண்ருட்டிப் பெரியம்மா மங்கலம். "பாவம், அதுங்களும் பட்டினியா கெடக்குதுங்க." வழியில் இறைக்க வைத்திருந்த பொரியில் ஒரு பிடி எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள்.

ஸ்ரீமதி கையை விட்டுப் பொரியை அள்ளித் தரையில் அடித்தாள். "யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"பாத்தீங்களா," என்றார் மாமா கூட்டத்திடம். "பெத்த அப்பனுக்கு அழுவல. பாசிக்குச் சண்ட போடுது. அவுங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப வேளா வேளைக்கு இதுங்களுக்குப் போட்டது யாரு? ஒரு மீனு செத்துதா?"

நல்ல மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். ஸ்ரீமதி வாயைத் திறப்பதற்குள் அம்மா விருத்தாம்பாள் பெட்டியருகிலிருந்து எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள்.

"சபாபதி. ரொப்பி வெச்சிட்டுப் போன தீனி டப்பா, வந்து பாத்தா காலி. அதுக்கு ஒன்ன ஒரு வார்த்த கேட்டாரா அவரு?"

மாமா கையிலிருந்த போர்வையைக் கீழே போட்டார்.

"அப்ப நீயும் பேசாத."

போர்வையின் ஒரு முனையை அம்மா பிடித்தாள்.

பொழுது சாய்வதற்குள் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். ஐஸ் பெட்டியின் இரைச்சல் நின்றது. பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். ஸ்ரீமதி தொட்டியில் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளே ஓடும் மோட்டாரின் மெல்லிய நடுக்கம் போர்வை வழியாக முதுகில் தெரிந்தது.

"கொஞ்சம் நவுரு," என்றாள் துடைப்பத்தோடு வந்த மங்கலம்.

அவள் நகரவில்லை. தண்ணீர் அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போயிற்று.