இடப்பக்க வளைவு

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவளுக்கு முப்பத்து மூன்று என்பது, வீட்டில் எல்லோரும் அவளிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிடும் வயது. பயிற்சியாளரான அண்ணன் மட்டும் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். அது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

அன்று மாலை உலகப் போட்டிக்கான தேர்வு ஓட்டம். இடம் இருவருக்குத்தான். அவளுடைய இடது கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் இருப்பது அண்ணனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அணி மருத்துவர் மோப்பம் பிடித்துவிட்டால், பெட்டியைக் கட்டவேண்டியதில்லை.

ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாகவே வளையும். வளைவில் பாரம் இடது காலை வாட்டும். ஆகவே இரண்டு மாதங்களாகப் பயிற்சியில் அவள் எதிர்த்திசையிலேயே ஓடினாள். உடம்பு அதற்கே பழகிவிட்டது. போட்டிக்கு முன் பக்கத்து மைதானத்தில் உடலைச் சூடேற்றும்போதும் கால் தானாக அந்தப் பக்கமே திரும்பிற்று.

எதிரே வந்த இளையவள், அதே ஓட்டத்துக்கு வந்தவள், வேகத்தைக் குறைத்தாள்.

"என்னக்கா, எல்லாரும் இந்தப் பக்கம் போறோம், நீங்க மட்டும் வீட்டுல கோவிச்சுக்கிட்டு கெளம்பின மாதிரி?"

"உன் மூஞ்சிய நேரா பாக்கலாம்னுதான்."

இளையவள் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் அவள் பார்வை இடது காலுக்கு இறங்கியது. "பாத்து ஓடுங்கக்கா."

நேரே அண்ணனிடம் போனாள். "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணா."

"மூளைய எங்கடி அடகு வச்ச? வாய மூடிட்டுப் போய் ஓடு."

கடைசிச் சுற்றின் மணி அடித்தபோது முதலிடக்காரி எட்டாத தூரத்தில் இருந்தாள். மிச்சம் ஓர் இடம். முன்னே ஓடிய இளையவள், உள்விளிம்பைவிட்டு ஓரடி விலகி வழிவிட்டாள். பார்த்தவர்களுக்கு அது கவனக்குறைவு. உள்விளிம்பில்தான் வளைவு மிக இறுக்கம் என்று அறிந்தவளுக்கு அது இடது காலுக்கு விடுத்த அழைப்பு. மறுக்க அவளுக்கு வசதியில்லை, நுழைந்தாள். வளைவு நெடுகிலும் ஒவ்வோர் அடியும் எலும்புக்குள் ஆணியாய் இறங்கியது. இளையவளை நெஞ்சளவு வித்தியாசத்தில் முந்தி இரண்டாவதாக வந்தாள்.

அண்ணன் அழுதான். திட்டவும் மறந்தான்.

மூச்சு திரும்பியதும், உடலைத் தணிக்கப் பக்கத்து மைதானத்தில் மெல்ல ஓடத் தொடங்கினாள். மனம் இலேசாக இருந்தது. பத்தடி போன பிறகே, எல்லோருடைய முகங்களும் தன்னை நோக்கி வருவதைக் கவனித்தாள். வேலியோரம் மருத்துவர் நின்றிருந்தார். அருகில் இளையவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்புடி!" அண்ணனின் குரல் அடித்தொண்டையில் வந்தது.

திரும்பினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல் வளைவைக் கடந்து வேலியருகே வந்தாள். மருத்துவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நல்ல ஓட்டம்மா," என்றார், காலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரு சுத்து ஓடு, பாப்போம். இதே பக்கமா."