இருளம்மாள் முற்றத்தில் விழுந்த பந்துகள்

அமெரிக்காவில் முனியராஜ் எறிந்து, பிடிப்பவர் கைக்குச் சிக்காமல் போன பந்து, நாலு நாள் கழித்து அச்சங்குளத்தில் இருளம்மாள் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தது. 2011-ஆம் வருஷம் சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. சாத்தூர்ச் சந்தையில் கத்தரிக்காய் கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விற்ற வாரம். இருளம்மாள் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல், ஒரு பக்கம் புல் கறை. கிரிக்கெட் பந்து இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. யாராவது தேடி வருவார்கள் என்று வாசற்படியில் எடுத்து வைத்தாள். யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் இன்னொன்று விழுந்தது. அது தகரக் கூரையில் பட்டு, உருண்டு, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பந்துகளை உரச்சாக்கில் போட்டுக் கட்டி, அடுப்படி மூலையில் வைத்தாள்.

முனியராஜ் அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பிறந்தவன். பேஸ்பால் என்ற ஆட்டத்தில் பந்து எறிவதை உத்தியோகமாகச் செய்துவந்தான். அந்த ஆட்டத்தில் எறிகிறவனைப் பிட்சர் என்பார்கள். எதிரே மட்டையோடு ஒருவன் நிற்பான், அவனுக்குப் பின்னால் ஒருவன் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பான். எங்கள் ஊரில் இது ஒருவருக்கும் விளங்கவில்லை. "கிரிக்கெட்டுதான், ஆனா ஓடுறது வேற மாதிரி" என்று அவனுடைய அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தாள். விருதுநகரில் ஒரு கல்லூரியில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த ஹரிபிரசாத் என்பவர், பஸ் ஸ்டாண்டில் நாயை விரட்ட முனியராஜ் எறிந்த ஒரு கல்லைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி வந்து அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாராம். ஒரு வருஷம் கழித்துச் சென்னைக்கு ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனார். அங்கே வந்திருந்த வெள்ளைக்காரர் இருவர் கையில் இருந்த வேக மானியை மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு அவனுக்கு விமான டிக்கெட் எடுத்தார்கள். இப்படி எறிய எங்கே பழகினாய் என்று அவர்கள் கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது அடக்கம் இல்லை. 2008 தீபாவளி சீசனில் அவன் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தான். வயது பத்தொன்பது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: கலந்த மருந்து மிச்சப்பட்டால் அன்று சாயங்காலமே குழியில் கொட்டி எரித்துவிட வேண்டும், இரவு தங்கினால் ஈரம் ஏறித் தானே சூடாகிப் பற்றிக்கொள்ளும். சீசன் நேரத்தில் இந்த விதியை மீறுவதும் எங்களுக்குத் தெரிந்ததே. மறுநாள் காலையில் அரைமணி நேரம் முந்தலாம் என்று முனியராஜ் மிச்ச மருந்தை ஈரத்துணியில் உருண்டையாகக் கட்டி, அறை மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். காலையில் கதவைத் திறந்தபோது உருண்டை புகைந்துகொண்டிருந்தது. புகையைப் பார்த்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும், அதற்காகத்தான் அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருக்கிறார்கள். அவன் ஓடவில்லை. உருண்டையை எடுத்து, பின்பக்கத்துத் தரிசு நிலத்தைப் பார்த்து, உடம்பில் இருந்த பலம் முழுவதையும் கூட்டி எறிந்தான். மனிதன் எறிகிற தூரத்தில் அது விழுந்திருந்தால் தரிசில்தான் விழுந்திருக்கும். அது இரண்டு அறைகளையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போய், வெடிகளைக் காயப்போடும் களத்தில் விழுந்தது. அங்கே இருளம்மாளும் பொன்மணியும் நின்றிருந்தார்கள்.

பொன்மணி அங்கேயே போய்விட்டாள். இருபத்திரண்டு வயது, மாரித்தாயின் ஒரே மகள், அடுத்த தை மாதம் கல்யாணம். இருளம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அந்தப் பதினொரு நாளுக்குள் கம்பெனிக்காரர்கள் காரணத்தை முடிவு செய்துவிட்டார்கள். மருந்துத் தட்டைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுத்தால் உரசித் தீப்பிடிக்கும். இருளம்மாள் தட்டை இழுத்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள். ஊரும் அதையே சொன்னது. செத்தவளைப் பழி சொல்ல மனசு வராது, கம்பெனியைச் சொன்னால் வேலை போகும், மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். கண் விழித்தவள் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னோம். அவளுக்கு அந்தக் காலையில் நடந்தது ஒன்றுமே ஞாபகம் இல்லாததால், நாங்கள் சொன்னதை நம்பினாள். பொன்மணியைத் தானே கொன்றுவிட்டதாக நம்பினாள். இதை எழுதும்போது எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

அதன் பிறகு இருளம்மாள் எதையும் இழுக்கவில்லை. பாயை இழுத்துப் போட மாட்டாள், தூக்கி விரிப்பாள். விரல்கள் ஒட்டி மடங்காமல் போன கையால் நாற்காலியைத் தூக்கித்தான் நகர்த்துவாள். தண்ணீர் நிறைந்த அண்டாவைக்கூட இம்மி இம்மியாகத் தூக்கி வைப்பாள், நாங்கள் பார்த்துக்கொண்டு போவோம். மருந்துப் பக்கம் ஒரு கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. ஏஜென்ட் பாண்டிராஜ் பாவம் பார்த்து வீட்டுக்கு லேபிள் கட்டு கொண்டுவந்து போட்டார். காளியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவள் அடுப்பு வரிசையின் கடைசியில், பத்தடி தள்ளி இருந்தது, அதையும் வேறு யாராவதுதான் பற்றவைத்தார்கள். அவள் கையால் தீப்பெட்டி வாங்க மாட்டோம். மாரித்தாய் அவளை ஒரு வார்த்தை ஏசியதில்லை. எதிரே வந்தால் தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். ஏசியிருந்தால் தேவலை என்று இருளம்மாள் ஒருநாள் பாண்டிராஜிடம் சொன்னாளாம்.

பந்து விழுகிற விஷயம் முனியராஜுக்கு அம்மாவின் போன் வழியாகத்தான் போயிற்று. "ஏலே, நம்ம இருளம்மா வீட்டு முத்தத்துல வெள்ளப் பந்தா விழுகுதுலே. பொன்மணிதான் மேல இருந்து எறியுதுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாக." என்ன நிறத்தில் தையல் என்று கேட்டான். சிவப்பு என்றாள். அன்று அவன் சாப்பிடவில்லை. தன் கையை விட்டுத் தவறுகிற ஒவ்வொரு பந்தும் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டதால், ஒன்றையும் தவறவிடுவதில்லை என்று வைராக்கியம் வைத்தான். இப்படித் துல்லியமாக எறிகிறவனை இந்த லீகில் பார்த்ததில்லை என்று அங்கே பத்திரிகைகளில் எழுதினார்கள். வெட்கத்தில் வந்த துல்லியம் அது. இருந்தாலும் மனுஷக் கைதானே, வேர்த்து வழுக்கத்தான் செய்யும். ஒன்று தவறும். நாலாவது நாள் இங்கே தகரத்தில் டொம் என்று கேட்கும்.

வேறு ஏதாவது தேசத்திலிருந்து எறிந்தால் வந்து சேராது என்று நினைத்தான். அவன் இத்தனை நாடு சுற்றியதற்குக் காரணம் இதுதான், சம்பளமோ ஆசையோ இல்லை. மெக்சிகோவுக்குப் போனான், பந்து ஐந்து நாளில் வந்தது. டொமினிக்கன் குடியரசுக்குப் போனான், கடலுக்கு மேலேயே வந்ததால் தோலில் உப்புப் பூத்திருந்தது. தைவானிலிருந்து ஒன்றரை நாள், ஜப்பானிலிருந்து இரண்டு நாள். மார்கழியில் ஆஸ்திரேலியாவில் ஆடியபோது வந்த பந்துகள் பனியிலும் சூடாக இருந்தன, இருளம்மாள் வலிக்கிற கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். வானிலை எப்படி இருந்தாலும் விலாசம் தவறவில்லை. ஜப்பானில் தீக்காயத்துக்கு நல்ல களிம்பு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டி வாங்கி அனுப்பினான். கம்பெனியில் கொடுத்தது என்று சொல்லி இருளம்மாளுக்குக் கொடுக்க அம்மாவிடம் சொன்னான். பொய்யைக்கூட ஆளை வைத்துத்தான் சொன்னான் பாருங்கள். அவள் அந்தக் களிம்பைத் தடவிக்கொண்டு, கம்பெனி நல்லா இருக்கட்டும் என்றாள்.

2023-இல் இத்தாலியில் இருந்தபோது அவன் தோள் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் இங்கே ஒரு புதுக் கம்பெனி அவன் படத்தைப் போட்டு ஒரு வெடியை விற்பனைக்கு விட்டது. பெட்டி மேல் முனியராஜ் கையை ஓங்கி நிற்கிறான், கையில் பந்துக்குப் பதிலாக நெருப்பு உருண்டை, அதை எறியப் போகிறான். படம் வரைந்தவனுக்கு ஒன்றும் தெரியாது, அழகுக்கு வரைந்தான். லேபிள் கட்டு வழக்கம்போல அச்சங்குளத்துக்கு வந்தது. மகன் படம் வந்த பெருமையில் அம்மா வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். மடங்காத விரல்களால் பசை தடவி, ஒரு சுருக்கம் விழாமல் அந்தப் படத்தைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தாள் இருளம்மாள். காமிராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்திருந்தாள். முனியராஜ் தங்கியிருந்த விடுதியில் அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுததாகப் பிறகு அவனே சொன்னான். மறு மாதமே டிக்கெட் எடுத்தான்.

2024 பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் ஊரில் அவனுக்கு வரவேற்பு. காளியம்மன் கோயில் முன்னால் மேடை, கொட்டு, சால்வை. பிளெக்ஸில் அவன் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஹரிபிரசாத் வந்திருந்தார். வெடி போட்ட கம்பெனியின் சார்பில் பாண்டிராஜ் மைக் பிடித்து, "ஒரு பந்து எறிஞ்சு காட்டுங்க தம்பி, ஊரு பாக்கட்டும்" என்றார். முனியராஜ் பந்தை வாங்கவில்லை, மைக்கை வாங்கினான். "இருளம்மாக்கா எங்க இருக்காக? முன்னால வரச் சொல்லுங்க" என்றான். எங்கேயும் கடைசியில் நின்று பழகியவள், கூட்டம் வழிவிட, பயந்துகொண்டே வந்தாள். அவன் மேடையிலிருந்து இறங்கிவிட்டான்.

"மிச்ச மருந்தக் கட்டி வச்சது நான்தான்க்கா. காலைல புகஞ்சுச்சு. போட்டுட்டு ஓடாம தூக்கி எறிஞ்சேன். அதுதான் களத்துல வந்து விழுந்துச்சு. ஒங்க முத்தத்துல விழுகுற பந்தும் என் கையில தவறுனதுதான்." பாண்டிராஜ், தம்பி களைப்பில் பேசுகிறார் என்று மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். ஹரிபிரசாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இருளம்மாள் கேட்டாள்: "அப்ப நான் தட்ட இழுக்கலையாலே?"

"இழுக்கலக்கா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். தட்டத் தலைல வச்சிருந்தீக. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தீக."

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஏன்லே இம்புட்டு வருசம்?" என்றாள். பயமா இருந்துச்சு, பெறகு வெக்கமா இருந்துச்சு என்று அவன் சொன்னது மைக்கில் விழவில்லை, அருகில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. எங்களை நோக்கி அவள் கேட்டிருந்தால் எங்களிடம் அதுகூட இல்லை. அவள் கேட்கவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கொட்டுக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

கால்மணி நேரம் கழித்துத் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. சரசரவென்று, தரையோடு உரசுகிற சத்தம். இருளம்மாள் பந்துச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். தூக்க முடியாத கனம் இல்லை அது, வேண்டுமென்றேதான் இழுத்தாள். புழுதி எழும்ப, கல்லில் இடித்து, வளைவில் திருப்பி, தெரு முழுக்க இழுத்தாள். பதினாறு வருஷத்தில் அவள் எதையும் இழுத்து நாங்கள் பார்த்ததில்லை. ஒரு பொறி பறக்கவில்லை. முதல் சாக்கை முனியராஜ் வாசலில் போட்டுவிட்டு, போய் அடுத்ததை இழுத்துவந்தாள். ஐந்து சாக்கு. உதவிக்குப் போன கைகளைத் தட்டிவிட்டாள். கடைசிச் சாக்கையும் போட்டுவிட்டு, "ஒன் பந்து. நீயே வச்சுக்க" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முனியராஜ் நடந்ததைக் கைப்பட எழுதிய மனுவோடு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். வழக்கு நடக்கிறது, கூப்பிடுகிற அன்றைக்கெல்லாம் போகிறான். வெடிப்பெட்டியில் இப்போது அவன் படம் இல்லை, புலிப்படம் போட்டிருக்கிறார்கள். அவன் பந்தைத் தொட்டே நாளாயிற்று, ஆனாலும் வாரத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டிருக்கிறது. தவறிய பந்துகள் தீர்ந்து, பிடிபட்ட பந்துகள் வரத் தொடங்கிவிட்டன என்று ஹரிபிரசாத் கணக்குச் சொல்கிறார். விலாசம் மட்டும் மாறிவிட்டது, இப்போது முனியராஜ் வீட்டு முற்றத்தில்தான் விழுகின்றன. பொறுக்கிச் சாக்கில் கட்டி வைக்கிறான்.

மனு கொடுப்பதற்கு முன்னால், வரவேற்புக்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு அடுப்பு வரிசை போட்டிருந்தோம். இருளம்மாள் வழக்கம்போலப் பத்தடி தள்ளிக் கல்லைக் கூட்டினாள். மாரித்தாய் தன் பானையைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு எழுந்தாள். தெரு ஓரத்துக்குப் போகவில்லை. நேராக நடந்து போய், இருளம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் பானையை இறக்கி வைத்தாள். "தீப்பெட்டி இருக்காத்தா?" என்று கேட்டாள். இருளம்மாளிடம் இருந்தது, பதினாறு வருஷமும் மடியில் இருந்திருக்கிறது. விரல் மடங்காததால் குச்சியைப் பிடிக்க அவளுக்கு நேரம் ஆயிற்று. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது கீழே விழுந்தது. நாங்கள் யாரும் எங்கள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை, காத்திருந்தோம். அந்த நேரத்தில் நாலு வீடு தள்ளி முனியராஜ் முற்றத்தில் ஒரு பந்து வந்து விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது.