பேருக்கு ஒரு டைரக்டர்

தி. நகரில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில், போன் எடுக்கும் வேலைக்குத்தான் ஷீலா சேர்ந்தாள். முதலாளி சண்முகசுந்தரம் தங்கமான மனுஷராகத் தெரிந்தார். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே கார் அனுப்பியவர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "கம்பெனிக்கு இன்னொரு டைரக்டர் வேணும்மா. சும்மா பேருக்குத்தான். உன்னை விட்டா யாரை நம்புவேன்?" என்றார். ஷீலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று மேற்கு மாம்பலம் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த ஏஜென்சி மூலம்தான் நொச்சிக்குப்பத்து சேரன் மஸ்கட்டில் ஒரு மீன் கம்பெனிக்குப் போனான். ஐஸ் உடைக்கும் மிஷினில் வலது கை சிக்கி, மணிக்கட்டோடு போயிற்று. அந்தக் கம்பெனி நஷ்டஈடு எதுவும் தராமல் அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டது. அவன் மனைவி ரத்னா ஏஜென்சி மீது வழக்குப் போட்டாள். வழக்கு நடக்கும்போதே சண்முகசுந்தரம் ஏஜென்சியை இழுத்து மூடினார்.

தீர்ப்பு வந்தது. ஏஜென்சி இல்லையென்றால் டைரக்டர்கள் இருவரும் சொந்தச் சொத்திலிருந்து நஷ்டஈடு தர வேண்டும்; ஒருவரிடமிருந்தே முழுவதையும் வசூலித்தாலும் சரி.

"நான் சம்பளத்துக்கு வேலை செஞ்சவ சார்," என்று ஷீலா வக்கீலிடம் அழுதாள்.

"அதைச் சொல்லித்தானேம்மா தோத்தோம். டைரக்டர்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

சண்முகசுந்தரம் பேரில் ஊரில் ஒரு செங்கல்கூட இல்லை. ஷீலா பேரில், அப்பா விட்டுப்போன சின்ன ஃபிளாட் இருந்தது. அதில்தான் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

வேறு வழி தெரியாமல் நொச்சிக்குப்பத்துக்குப் போனாள். சாலையோரம் மீன் அரிந்துகொண்டிருந்த ரத்னா நிமிர்ந்து, கோர்ட்டில் பார்த்த முகம் என்று தெரிந்ததும் அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினாள்.

"உன் மொதலாளி எங்க கீறான்னு உனக்குத் தெரியுமா?"

"அடையாறுல வீடு இருக்குக்கா. நான் போனா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"நான் வந்தா தொறப்பாங்க. வா."

திறந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று ரத்னா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு பால்கனிகள் நிறைந்துவிட்டன. வெள்ளை வேட்டியும் விபூதியுமாக சண்முகசுந்தரம் இறங்கி வந்தார். ரத்னாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஷீலா, எங்கிட்ட என்னம்மா இருக்கு? வீடு மனைவி பேர்ல, கார் மச்சான் பேர்ல. கட்டியிருக்கிற இந்த வேட்டியைத்தான் கோர்ட்டு எடுத்துக்கணும்."

"எப்ப சார் மாத்தினீங்க?"

"அதெல்லாம் அப்பவே. உன்னை டைரக்டராப் போடறதுக்கு முன்னாடியே." சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையைக் கண்டிப்பதுபோல் தலையை ஆட்டினார். "நீயும் ஃபிளாட்டை யார் பேருக்காவது எழுதி வெச்சிருக்கலாம். இதையெல்லாமா நான் சொல்லித் தரணும்?"

அன்று அவர் நம்பியது தன்னையல்ல, தன் பேரில் இருந்த ஃபிளாட்டை என்று அப்போதுதான் ஷீலாவுக்கு உறைத்தது. ரத்னா காறித் துப்பினாள். கேட் மூடிக்கொண்டது.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

"உன்னப் பாத்தா பாவமாத்தான் கீது," என்றாள் ரத்னா. "ஆனா எங்க ஊட்டுக்காரு இனிமே வலையப் புடிக்க முடியாது. சோத்த நாந்தான் ஊட்டிக்கினு கீறேன். அந்தாளுகிட்ட புடுங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. உன்கிட்டதான் கீது. நான் உன்ன உட முடியாதும்மா."

ரத்னா மீது கோபப்பட ஷீலா எவ்வளவோ முயன்றாள். வரவில்லை. வந்திருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்.

"அக்கா, எங்கம்மா இருக்கற வரைக்குமாவது..."

"கேக்காத!" ரத்னா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீ கேட்டா நான் சரின்னுடுவேன். அப்புறம் அவரு மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

ஷீலா கேட்கவில்லை. ரத்னாவின் பஸ் வந்தது. ஏறியவள் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த வாரம் கோர்ட் அமீனா வந்து ஃபிளாட் கதவில் ஜப்தி நோட்டீஸை ஒட்டினார். மாடிப்படியில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"யாரு ஷீலா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"யாரோ வீடு தெரியாம வந்துட்டாங்கம்மா."

பசை இன்னும் காயவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் ஷீலா கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.