ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காலேஜ்கள்

டிசம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை லினியா கரும்பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் ஆஷ்பர்ன் என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். இடம் கிடைத்துவிட்டது, போகிறேன், எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்ஃபின் மிஷோவும் பார்த்தாள். ஆஷ்பர்ன் அவளுடைய காலேஜ்.

பின்னே? கோடை விடுமுறையில் இரண்டு பேரும் ஐஸ்கிரீம் கடை ஜன்னலில் நின்று வேலை பார்த்தபோதே பேசி முடித்த விஷயம் அது. அறுபது பேர் படிக்கிற வகுப்பிலிருந்து ஒரு சின்னக் காலேஜ் இரண்டு பேரை எடுக்காது என்று எங்கள் மெய்ன் மாநிலத்தில் எல்லாரும் நம்புகிறோம். அப்படி எந்தக் காலேஜும் சொன்னதில்லை. நாங்கள் நம்புவதை விட்டதும் இல்லை. அதனால் நல்ல தோழிகள் சண்டை வராமல் இருக்கக் காலேஜ்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். "ஆஷ்பர்ன் உனக்கு, கார்வின் எனக்கு. நீ என் பக்கம் வராத, நான் உன் பக்கம் வரல" என்று லினியாதான் சொன்னாள். சுண்டுவிரல் கோர்த்தார்கள். கையெல்லாம் சாக்லேட் பிசுபிசுப்பு.

லினியாவின் அப்பா ஊருக்கே பல் பிடுங்குகிறவர். அவளுக்கு எந்தக் காலேஜாக இருந்தாலும் ஒன்றுதான். டெல்ஃபினுக்கு அப்படி இல்லை. அவள் அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். அவளுக்கு ஒன்பது வயதில் பனிச்சாலையில் லாரி சறுக்கிச் செத்துப்போனார். அம்மா கொலெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஆகவே டெல்ஃபின் எந்தக் காலேஜைப் பார்த்தாலும் கட்டடத்தைப் பார்க்கமாட்டாள், உதவித்தொகை எவ்வளவு என்றுதான் பார்ப்பாள். அக்டோபரிலேயே பெரிய தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். முதல் கட்டத்தில் காலேஜ் சொல்லும் விலை, கடைசிக் கட்டத்தில் நம் கையை விட்டுப் போகிற பணம்.

அந்தத் தாளில் ஒரு வேடிக்கை இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கிற, மரங்களுக்குள் ஒளிந்திருக்கிற, எந்தத் தொழிலையும் சொல்லித்தராமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கவைக்கிற ஆஷ்பர்னின் விலை வருடத்துக்கு எண்பத்தாறாயிரம் டாலர். ஆனால் பஸ் ஓட்டுகிறவள் மகளுக்குக் கடைசிக் கட்டத்தில் நாலாயிரம்தான். இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தின் விலை ஆஷ்பர்ன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அங்கேயோ கடைசிக் கட்டத்தில் பதினாறாயிரம், அதில் பாதி லோன். பணக்காரக் காலேஜ் ஏழைக்கு மலிவு.

நவம்பரிலேயே ஒரு காலேஜுக்கு மட்டும் "எடுத்தால் வந்தே தீருவேன்" என்று எழுதிக் கொடுக்கிற வழி ஒன்று உண்டு. அதில் இடம் சுலபமாகக் கிடைக்கும். விலை கேட்காமல் சாமான் எடுக்கிறவர்களுக்கு ஏற்ற வழி. டெல்ஃபின் வசந்தகாலம் வரை காத்திருந்து ஐந்து காலேஜ் என்ன தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். லினியா அந்தச் சுலப வழியில், தோழியின் காலேஜுக்குள் நுழைந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் டெல்ஃபின் சமையலறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கொலெட் மாக்கரோனியும் கொத்துக்கறியும் தக்காளியும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் சோர்ந்துபோனால் அந்த வீட்டில் அதுதான் மருந்து. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடா செல்லம். பணக்கார வீட்டுப் பிள்ளைங்க அப்படித்தான். கேட்டதெல்லாம் கிடைச்சே பழக்கம். அடுத்தவங்களோடதுன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

"சுண்டுவிரல் கோத்தாம்மா."

"அவ உனக்குத் தோழியே இல்ல. விட்டுத் தள்ளு."

டெல்ஃபின் விட்டுத் தள்ளினாள். லினியா இரண்டு தடவை பேச வந்தாள், ஒரு தடவை கிறிஸ்துமஸுக்குக் கையுறை பின்னிக் கொண்டுவந்தாள். டெல்ஃபின் அவளைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நடந்தாள். மூன்று மாதம் மதியச் சாப்பாட்டை நூலகத்தில் தனியாகச் சாப்பிட்டாள். வெறுப்பதும் உழைப்புதான், அதிலும் கெட்டிக்காரியாக இருந்தாள்.

மார்ச் கடைசியில் பதில்கள் வந்தன. ஆஷ்பர்னும் தாளின் நடுவில் இருந்த இரண்டும் இடமில்லை என்று மன்னிப்புக் கேட்டன. மாநிலப் பல்கலைக்கழகம் வா என்றது, லோனோடு. ஐயோவா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவே மார்ஷ் க்ரீக் என்று ஒரு காலேஜ். யார் யாரையோ கேட்டுத் தாளில் கடைசி வரிசையில் சும்மா சேர்த்து வைத்தது. அது எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டது. டெல்ஃபின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினாளே தவிர, மனசு ஒட்டவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில், பனி உருகி எல்லாம் சேறாகக் கிடந்த இடத்தில், லினியா டெல்ஃபினுடைய காரின் குறுக்கே வந்து நின்றாள்.

"நகரு. ஏத்திடுவேன்" என்றாள் டெல்ஃபின்.

"ஏத்து. ஏத்திட்டுக் காரணத்தையாவது சொல்லு. நீயா மனசு மாத்திக்கிட்டு, அப்புறம் நான் என்னவோ உன் வீட்டுல திருடின மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா என்னடி அர்த்தம்?"

"நான் எங்கடி மனசு மாத்தினேன்?"

"நீ லோக்கல்லயே சேரப்போறேன்னு முடிவு பண்ணிட்டதானே? அதனாலதான் நான் ஆஷ்பர்னுக்குப் போட்டேன்."

"உனக்கு யார் சொன்னா?"

லினியாவின் முகத்திலிருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"உங்கம்மாதான். அக்டோபர்ல ஆப்பிள் குடுக்க வந்தேன், நீ கடையில இருந்த. எனக்குக் கார்வின் பிடிக்கல, ஆஷ்பர்ன்தான் பிடிச்சிருக்கு, டெல்ஃபின் கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியலன்னு சொன்னேன். கேக்கவே வேணாம், அவ அங்க போகல, நீ தாராளமாப் போடுன்னாங்க. பணம் விஷயம், அவளுக்குக் கூச்சமா இருக்கு, அவ கிட்ட பேச்சே எடுக்காதன்னாங்க. நான் எடுக்கல."

டெல்ஃபினுக்குக் காரை எப்படி வீடு வரை ஓட்டி வந்தோம் என்று ஞாபகம் இல்லை.

கொலெட் காலை பஸ் முடித்துவிட்டு வந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நேரத்தில் மகள் உள்ளே வந்ததையும், அவள் நின்ற நிலையையும் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"லினியா சொல்லிட்டாளா?"

பொய்யாவது சொல்வாள் என்று டெல்ஃபின் எதிர்பார்த்திருந்தாள். அதுவும் இல்லை.

"எதுக்கும்மா?"

"எண்பத்தாறாயிரம், டெல்ஃபின்! வருஷத்துக்கு! எங்க போவேன் நான்?"

"நாலாயிரம்! இதோ எழுதி ஒட்டியிருக்கேன். தினமும் பால் எடுக்கும்போது உன் மூக்குக்கு நேரா இருக்கு!"

"இருக்கு. எண்பத்தாறாயிரம் சொல்றவன் நமக்கு நாலாயிரத்துக்குத் தருவானா? உங்கப்பா போனப்போ இன்சூரன்ஸ்காரனும் எதிர்ல உக்காந்து இப்படித்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். சிரிச்சுக்கிட்டே காட்டினான். கடைசியில என்ன வந்துச்சு? ரெண்டாம் வருஷம் கைய விரிச்சுட்டா நீ பாதியில திரும்பி வரணும், கடனோட. அதுக்கு இதுவே..."

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. வேணாம்னு சண்டை போட்டிருக்கலாமே."

"போட்டா நீ ஜெயிப்ப."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூடவில்லை.

"பணத்துக்காகவா? இல்ல நான் போகக்கூடாதுன்னா?"

கொலெட் கையிலிருந்த உருளைக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும்தான்" என்றாள். "இங்கயே படிச்சா ராத்திரி வீட்டுக்கு வருவ. அவ்வளவுதான் நினைச்சேன். வேற கெடுதல் எதுவும் நினைக்கல."

இடம் போனதைக்கூட டெல்ஃபின் ஒருவழியாக ஜீரணித்திருப்பாள். லினியா போடாமல் இருந்திருந்தாலும் ஆஷ்பர்ன் அவளை எடுத்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மாக்கரோனி. தலையைப் பிடித்துக்கொண்ட அந்தக் கை. உலகத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே ஆள் இவள்தான் என்று நினைத்து இவள் வயிற்றில்தானே முகத்தை வைத்து அழுதாள்!

"நான் அழுதப்போ நீ அவளைத் திட்டினியேம்மா. அவ தோழியே இல்லன்ன. மூணு மாசம் அவளை நாய் மாதிரி நடத்தினேன். நீ பாத்துக்கிட்டே இருந்த."

"சொல்லணும்னு தினமும் நினைச்சேன்."

"நினைச்ச."

டெல்ஃபின் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனாள். தாளில் மேலிருந்து ஒவ்வொரு வரியாக அடித்தாள். ஆஷ்பர்ன். நடுவில் இருந்த இரண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேல் பேனா வந்தபோது பின்னால் அம்மாவின் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டது. அதையும் அடித்தாள்.

"மார்ஷ் க்ரீக்ல சேரப்போறேன்."

"அது எங்க இருக்கு?"

"ஐயோவால."

ஆஷ்பர்ன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வந்துவிட்டுப் போகலாம். ஐயோவாவுக்குக் காரில் இரண்டு நாள் ஆகும். பள்ளிக்கூட பஸ்ஸைத் தவிர எதையும் அதிகத் தூரம் ஓட்டாத கொலெட்டுக்கும் அது தெரியாமல் இல்லை. அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடி எடுத்தாள். இலையுதிர் காலத்திலிருந்து வரிக் காகிதம், சம்பளக் காகிதம், உதவித்தொகைக் காகிதம் என்று மகள் நீட்டியதில் எல்லாம் அவள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஒரு நாளும் தாமதித்ததில்லை.

"சரி. கொண்டா. எங்க போடணும்?"

"எங்கயும் வேணாம்" என்றாள் டெல்ஃபின். "எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. சேர்றதுக்கு என் கையெழுத்து மட்டும் போதும்."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு லினியாவைத் தேடிப் போனாள். கொலெட் மூடி திறந்த பேனாவோடு ஃபிரிட்ஜ் முன்னாலேயே நின்றாள்.