தையல் அறையில் கூட்டம்

அந்த வீட்டின் மூத்த மருமகள் ஊராட்சி உறுப்பினராக ஜெயித்திருந்தாள். அவள் கூட்டிய முதல் குறைகேட்புக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. காலி நாற்காலிகளோடு உட்கார்ந்து அலுத்துப்போய் வீடு திரும்பினாள். வாசல் அறையில், அவள் ஓரகத்தியின் தையல் மெஷினைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வராத தண்ணீர், எரியாத தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை என்று எல்லாவற்றையும் இளையவளிடம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்தவளைக் கண்டதும் பேச்சு நின்றது.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஓட்டு வாங்கியவள் நான், ஊர் வாய் திறப்பது இவளிடமா?

அடுத்த கூட்டத்தைத் தையல் அறையிலேயே வைத்தாள். பெண்கள் வந்தார்கள். ஆனால் அவளை எதிரில் வைத்துக்கொண்டே பால்காரம்மா இளையவளிடம், "சாக்கடை நாத்தம் தாங்கலைன்னு உங்க அக்காகிட்ட சொல்லும்மா" என்றாள்.

"அக்கா இங்கதானே இருக்காங்க. நேராவே சொல்லுங்க."

"சொன்னா, மனு எழுதிட்டு வான்னு எரிஞ்சு விழுவாங்க."

மூத்தவளின் முகம் சுண்டிப்போனது. அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். "எந்த இடத்துல அடைச்சிருக்கு? வாங்க, காட்டுங்க" என்று எழுந்தாள்.

மறுநாளே ஆள் வைத்து அடைப்பை எடுத்தாள். சாயங்காலம் பால்காரம்மா ஒரு சொம்புப் பாலோடு சிரித்தபடி வந்தாள். மூத்தவள் கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

"தங்கச்சி இல்லையாம்மா? அது சொல்லித்தானே வேலை நடந்துச்சு."

"உள்ளதான் இருக்கா" என்றாள் மூத்தவள், நீட்டிய கையால் கதவை இன்னும் அகலமாகத் தள்ளிவிட்டு.