ஊசியைத் தூக்கிய இடம்

செப்டெம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் சந்திரவதனா நூலகத்தின் இசைத்தட்டுப் பிரிவில் ஒரு மேசையைக் காலிசெய்து ஜன்னலோரம் இழுத்துப் போடுவாள். லண்டனின் நோர்பரி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகக்கூடிய அந்தச் சின்ன நூலகத்தில் புத்தகங்களைப் போலவே இசைத்தட்டுகளையும் இரவல் கொடுத்தார்கள். இருந்த நாலாயிரம் தட்டுகளில் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து ஒரு மரப்பெட்டியில் நிறுத்தி, 'இலையுதிர் காலத்துக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையை முன்னால் வைப்பாள். ஐந்து வருடமாக இது நடந்துவந்தது. யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

இந்தக் காலத்துக்குச் சோகமான இசைதான் பொருந்தும் என்று பலர் நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. மாலை வெளிச்சம் மங்கும்போது, விளக்கைப் போடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று தோன்றவேண்டும். வாத்தியங்கள் குறைவாக இருக்கவேண்டும், ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவே மூச்சுவிட இடம் வேண்டும். தட்டின் முதற்பக்கத்தை அவள் நம்புவதில்லை. அது விருந்தாளிகளுக்குப் போடுகிற பக்கம். இரண்டாம் பக்கத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்வாள். 1987ஆம் ஆண்டின் பெட்டியில் தனி செல்லோ ஒன்று, பியானோ இரண்டு, மெதுவாக ஊதும் ட்ரம்பெட், ஒரு வேல்ஸ் நாட்டுப் பாடகர் குழு, மெட்ராஸிலிருந்து வந்த வீணை எல்லாம் இருந்தன.

திரும்பி வரும் தட்டுகளைப் பரிசோதிப்பதும் அவள் வேலை. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். அதில் இரண்டு வட்டங்கள் அச்சிட்டிருக்கும், பக்கத்துக்கு ஒன்று. தட்டை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்து, புதுக் கீறல் தெரிந்தால் அந்த வட்டத்தில் அதே இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, திகதியும் கீறியவரின் பெயரின் முதலெழுத்தும் எழுதவேண்டும். கீறல்கள் கண்டபடி விழுவதில்லை என்பதை அவள் போகப்போகக் கண்டுகொண்டாள். ஒரு இடம் பிடித்துப்போனால் ஆட்கள் ஊசியைக் கையால் தூக்கிப் பின்னுக்கு வைக்கிறார்கள். அப்போதுதான் கை தவறுகிறது. அதனால் அட்டையைப் பார்த்தே ஒரு தட்டில் எந்த இடத்தை மனிதர்கள் விரும்புகிறார்கள் என்று அவளால் சொல்லமுடியும். தான் போட்ட கீறல் ஒன்றையும் ஒருமுறை அவளே தன் கையால் குறித்திருக்கிறாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அண்ணன் குலசேகரம் குடும்பத்தோடு இருந்தாள். அந்த செப்டெம்பரில் அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெயர் பரமேஸ்வரன், வயது முப்பத்தாறு. வெம்பிளியில் ஒரு அறையில் இருந்துகொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்தான். சாதகம் பொருந்தியது. வெஸ்ட் ஈலிங்கில் இருந்த அவனுடைய பெரியம்மா, வேறு ஒரு வீட்டாரும் கேட்கிறார்கள், ஒக்டோபர் கடைசியில், குளிர்காலத்துக்காக நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் திருப்புவதற்கு முதல் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

இதற்கு முன்னர் வந்துபோன இருவரையும் சந்திரவதனா வேண்டாம் என்றிருந்தாள். கெட்டவர்கள் அல்ல. அவள் எதைச் சொன்னாலும் தங்களுக்கும் அதுதான் விருப்பம் என்றார்கள். ஒருவர் மேலைநாட்டு இசை உயிர் என்றார். எது என்று கேட்டபோது எல்லாமே என்றார். பிடிக்காததைப் பிடிக்கிறது என்று சொல்கிற ஒருவரோடு முப்பது வருடம் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அண்ணனுக்கு விளங்கப்படுத்த அவளுக்குத் தெரியவில்லை.

பரமேஸ்வரன் வந்த ஞாயிற்றுக்கிழமை, முன்னறையில் கதவைப் பாதி திறந்துவைத்து இருவரையும் பத்து நிமிடம் பேச விட்டார்கள். தனக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது, நண்பனின் காரில் போகும்போது அவன் போடுகிற சினிமாப் பாட்டைக் கேட்பதுதான் என்று அவன் சொன்னான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து ஒரு தட்டு எடுத்துப்போய்க் கேட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவன் சரி என்றான்.

அவன் போனபிறகு அண்ணன் தலையில் கைவைத்தார்.

"மாப்பிள்ளை பாக்கிறதுக்கு லைப்ரரியிலை கார்ட் எடுக்கவேணும் எண்டு நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

அண்ணன் மனைவி தவமலர் வடைத் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீ என்னவும் செய், பிள்ளை. மூண்டு தரம் பலகாரம் சுட்டாச்சு. நாலாந்தரம் எனக்கு ஏலாது."

புதிதாகச் சேர்பவர்கள் தங்கள் ரெக்கோட் பிளேயரின் ஊசியைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்பது நூலகத்தின் விதி. தேய்ந்த ஊசி தட்டைப் பழுதாக்கிவிடும். அந்தச் சனிக்கிழமை பரமேஸ்வரன் ஊசியை லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றி, மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். பிளேயர் அவனுடையது அல்ல, வீட்டுக்காரருடையது. அவர் ஒரு குஜராத்தி, மனைவி இல்லாதவர். பின்னேரம் அவர் பஜனைத் தட்டுப் போடுவதற்குள் ஊசி திரும்பிப் போய்ச் சேரவேண்டுமாம்.

"வேலையிடத்திலை வைச்சு நானும் பாத்தன். நல்லாத்தான் இருக்கு," என்றான். "எண்டாலும் நீங்களும் பாருங்கோ."

அவள் உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தாள். ஊசி நன்றாகத்தான் இருந்தது. எந்தத் தட்டு நல்லது என்று அவன் கேட்டபோது, நீங்களே தெரிந்தெடுங்கள் என்று பெட்டியைக் காட்டிவிட்டு வேறு வேலை பார்த்தாள். அவன் பெட்டியைக் கவனிக்காமல் பின்னால் இருந்த அலுமாரிக்குப் போய், உறை நிறையச் சிவப்பு இலைகள் படம் போட்ட ஒன்றை எடுத்துவந்தான். அது நடன மண்டபங்களில் வாசிக்கும் வாத்தியக் கோஷ்டி என்று அவளுக்குத் தெரியும். அப்படியே முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அடுத்த சனி அதைத் திருப்பித் தந்தபோது, உறையில் இலை இருந்ததை நம்பி ஏமாந்துவிட்டதாக அவன் சொன்னான். வீட்டுக்காரர் மட்டும் முன்னறையில் தனியாக ஆடினாராம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை விளக்கின் கீழே பிடித்தாள். கீறல் இல்லை. இந்த முறை பெட்டிக்குள் தேடி, தெரிந்த வாத்தியம் என்று வீணையை எடுத்துப்போனான்.

அந்த வாரம் வியாழன் இரவுதான் பெரும் புயல் அடித்தது. காலையில் எழும்பிப் பார்க்க, தெருவில் மரங்கள் வேரோடு விழுந்து கிடந்தன. நின்ற மரங்களில் இலை இல்லை. சனிக்கிழமையும் ரயில்கள் ஒழுங்காக ஓடவில்லை. நூலகத்துக்கு யாரும் வரப்போவதில்லை என்று சந்திரவதனா நினைத்திருக்க, பன்னிரண்டு மணிபோலப் பரமேஸ்வரன் வந்தான். மூன்று பஸ் மாறியிருந்தான். வீணைத் தட்டு இரண்டு பிளாஸ்ரிக் பைகளுக்குள், கோட்டுக்கு உள்ளே இருந்தது.

"அடுத்த கிழமை கொண்டுவந்திருக்கலாமே."

"இண்டைக்குத்தானே திருப்பித் தாற திகதி."

எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். அவன் சங்கடத்தோடு கழுத்தைத் தடவினான். அந்த வாரம் முழுவதும் காலை ஆறு மணி ஷிப்ட், மூன்று தரம் போட்டும் மூன்று தரமும் பாதியில் நித்திரையாகிவிட்டான். "பிழை வீணையிலை இல்லை," என்றான்.

அவனுடைய உண்மை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் உண்மை மட்டும் போதுமா? ஒன்றும் அவன் மனதைத் தொடாவிட்டால் என்ன செய்வது? மூன்றாவது தட்டைத் தெரிந்தெடுக்க அவன் அரைமணி நேரம் பெட்டியின் முன்னால் நின்றான். ஒவ்வொன்றாக எடுத்து, பின்புறம் எழுதியிருந்ததை வாசித்து, திரும்ப வைத்தான். கடைசியில் செல்லோவை எடுத்தான். அவள் பெட்டியில் முதலில் வைத்த தட்டு அது. ஐந்து வருடமும் அதைத்தான் முதலில் வைத்திருந்தாள்.

அந்த வாரம் நீண்டது. அண்ணன் சாப்பாட்டு மேசையில் நாட்களை எண்ணினார். பெரியம்மா இரண்டு தரம் டெலிபோன் எடுத்துவிட்டார். சந்திரவதனாவுக்கு ஒரே யோசனை. மிக நன்றாக இருந்தது, அருமை என்று அவனும் சொல்லிவிட்டால்? ஏதோ அவளைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிற சொல்லாக அது இருந்துவிட்டால்? அப்போது அவள் மாட்டேன் என்றுதான் சொல்லவேண்டிவரும். அப்படிச் சொல்ல விருப்பமில்லை என்பது புதன்கிழமை பாத்திரம் கழுவும்போது அவளுக்கே தெரிந்துபோனது.

சனிக்கிழமை அவன் வந்தான். அவள் உறையிலிருந்து தட்டை வெளியே இழுக்கப் போனாள்.

"நில்லுங்கோ," என்றான் அவன். "நீங்கள் பாக்க முதல் நான் சொல்லவேணும். கீறிப்போட்டன். இரண்டாம் பக்கத்திலை."

அவள் கையை எடுத்தாள். "எப்பிடி?"

"திரும்பக் கேப்பம் எண்டு ஊசியைத் தூக்கினன். இரண்டு தரம் சரியா வைச்சன். மூண்டாந்தரம் கை வழுக்கிப்போட்டுது. எங்கடை பட்டறையிலை எண்டால் மினுக்கிப் பாத்திருப்பன். இதிலை கைவைச்சால் இன்னும் பழுதாகும் எண்டு விட்டிட்டன்."

"எந்த இடம்?"

அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையைத் தாழ்த்திக் காட்டினான்.

"கீழை கீழை இறங்கி வருது. பிறகு சத்தம் இல்லை. முடிஞ்சுது எண்டு நான் தேத்தண்ணி வைக்க எழும்பிப்போட்டன். குசினி வாசலிலை நிக்க, திரும்பத் தொடங்குது. மெதுவா. அந்த இடம்."

சந்திரவதனா தட்டை விளக்கின் கீழே சாய்த்தாள். அவன் சொன்ன இடத்தில், மயிரளவில், புதுக் கோடு ஒன்று மினுங்கியது. அட்டையை எடுத்தாள். இரண்டாம் பக்கத்து வட்டத்தில் அதே இடத்தை ஒட்டி ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் புதுக் கோட்டைப் போட்டு, திகதியும் முதலெழுத்தும் எழுதினாள். எழுதியதைக் காட்டவேண்டும் என்பது விதி. அட்டையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். "மற்றது ஆர்?"

"நான்தான். இஞ்சை வேலைக்குச் சேர்ந்த வருசம்."

"கையாலையோ?"

"கையாலைதான்."

 அவள் அட்டையை உறைக்குள் வைத்துவிட்டு, தட்டைக் கீறியவர்களுக்கு நாலு கிழமைக்கு இரவல் இல்லை என்றாள். அவன் ஒப்புக்கொண்டு தலையாட்டினான்.  வெறும் பைகளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

"அப்ப அடுத்த சனி எனக்கு இஞ்சை வேலை இல்லை."

"என்ரை கார்டிலை நான் எடுப்பன்," என்றாள் அவள். "கேக்கிறதெண்டால் வீட்டை வரவேணும். அண்ணை நிப்பார். வடை இருக்காது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "வடை வேண்டாம்," என்றான்.

அன்று மாலை அவள் செல்லோத் தட்டைத் தன் பெயரில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குலசேகரம் கதிரையில் ஏறி நின்று, நாளைக்கு மறந்துவிடும் என்று இப்போதே சுவர் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே இறங்காமலே, என்ன முடிவு என்று கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

தவமலர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப சோதினையிலை பாஸோ?"

"றெக்கோட்டைக் கீறிப்போட்டார்."

குலசேகரம் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். கேள்வி கேட்டால் பதில் மாறிவிடுமோ என்ற பயத்தில் அவர் உடனே கதிரையிலிருந்து இறங்கி, டெலிபோனை எடுத்து வெஸ்ட் ஈலிங் இலக்கத்தைச் சுழற்றினார்.

சந்திரவதனா தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டு, விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் இருந்தாள். வெளியே, புயலில் இலை கொட்டிய மரம் ஒன்றின் கீழே யாரோ இலைகளைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். செல்லோ கீழே கீழே இறங்கி வந்தது. ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம் கேட்டது, அது அவளுடையது. அதை ஒட்டி இன்னொன்று. பிறகு ஒன்றும் இல்லை.

பெரியம்மா மறுமுனையில் பேசத் தொடங்கிவிட்டார் போலும். அண்ணன் டெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தத்தைக் குறை என்று கையால் காட்டினார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று அவளும் கையால் காட்டினாள். செல்லோ திரும்பத் தொடங்கிய பிறகுதான் எழும்பிப் போய்க் குறைத்தாள்.